உப்பங்கரையிலிருந்து ஒரு விண்ணப்பம்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடலோரச் சாலை வழியாகப் பிரயாணம் செய்தவர்கள் எல்லோரும் மரக்காணத்தை அறிவார்கள். அறிவார்கள் என்றால், மோட்டார் வண்டியின் ஜன்னல் வழியாக அறிவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாய்த் தேங்கி நிற்கும் நீர், அந்த நீருக்குள் தலைகீழாய்த் தெரியும் வானம், வரப்புகளின் மேல் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு. "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் வண்டி ஊரைத் தாண்டி விடுகிறது.

அந்த வெள்ளைக் குவியல்களுக்கு அப்பால் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடங்களில் ஒன்பதாம் வகுப்பு இருக்கிறது. அவ்வகுப்பின் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், "நானும் ஒரு நாள் ராக்கெட்டைக் கிட்டப் போய்ப் பார்க்க முடியுமா?" என்று தனக்குள் கேட்டுக் கொண்டிருக்கலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே நாம் இந்தக் கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

அந்தப் பெண்ணுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. அவளை நாம் மனத்தில் உருவாக்கிக் கொண்டோம் என்பதையும் முதலிலேயே ஒப்புக் கொள்கிறோம். ஆனால் அவளுக்காக நாம் சொல்லப் போகும் விவரங்கள் கற்பனை அல்ல.

பழைய ஊர்

மரக்காணம் நேற்று முளைத்த ஊரல்ல. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் என்னும் துறைமுகம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் ஆண்ட கரை அது. பின்னாளில் சோழர்கள் இங்கே ஆண்டதற்குப் பூமீசுவரர் ஆலயத்துக் கல்வெட்டுக்கள் சான்று பகர்கின்றன. ஊருக்கு மேற்கே கழுவேலி என்னும் மாபெரும் ஏரி பரந்து கிடக்கிறது. மழைக் காலத்தில் நன்னீரும், கோடையில் கடலிலிருந்து ஏறும் உவர்நீரும் கலக்கும் இந்த ஏரியைத் தேடி ஆண்டுதோறும் தூர தேசத்துப் பறவைகள் வருகின்றன. 2021-ஆம் ஆண்டில் இது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் உலகப் புகழ் பெற்ற ஈரநிலங்களின் வரிசையிலும் சேர்ந்தது.

வடக்கே ஆந்திரத்திலிருந்து கடலை ஒட்டியே இறங்கி வரும் பக்கிங்ஹாம் கால்வாய், சென்னையைக் கடந்து, இந்த மரக்காணத்துக் கழிமுகத்தில்தான் வந்து முடிகிறது. 1877-78 பஞ்ச காலத்தில் பசித்த மக்களுக்குக் கூலியாகக் கஞ்சி வார்த்து வெட்டிய பகுதி அக்கால்வாயில் உண்டு. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதன் வழியே பட்டணத்துக்குப் போயின. வாசகர்கள் இந்தக் கால்வாயைச் சற்று நினைவில் வைத்துக் கொள்ளும்படி வேண்டுகிறோம். கட்டுரையின் முடிவில் அது நமக்கு வேண்டியிருக்கும்.

உப்பும் ஒரு சாஸ்திரம்

"உப்புக் காய்ச்சுவதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது? வெயில் காய்கிறது, உப்பு விளைகிறது!" என்று சொல்பவர்கள் ஒரு நாள் உப்பளத்து வரப்பில் நின்று பார்க்க வேண்டும்.

கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் உண்ணும் உப்பு முக்கால் பங்குக்குச் சற்று அதிகம். மற்றவை சுண்ணாம்பு, ஜிப்சம், மெக்னீசிய உப்புக்கள் முதலியவை. இவை எல்லாம் ஒரே சமயத்தில் படிவதில்லை. நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படிகிறது. பிறகு ஜிப்சம் படிகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகிப் போன பின்னர்தான் சமையல் உப்பு பளபளவென்று பூக்கத் தொடங்குகிறது. அதற்கு மேலும் நீரை வற்ற விட்டால் மெக்னீசிய உப்புக்கள் சேர்ந்து உப்பைக் கசக்கச் செய்து விடும். ஆகையால் சரியான வேளையில் உப்பை வாரிக் கொண்டு, மிஞ்சிய கசப்பு நீரை வெளியே விட்டு விட வேண்டும்.

இதற்காகத்தான் உப்பளத்தில் நீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று படிப்படியாக மாற்றிக் கொண்டு போகிறார்கள். நீர் எத்தனை டிகிரி என்று மிதப்பு மானியை விட்டுப் பார்க்கிறார்கள். கடல் நீர் அந்த மானியில் மூன்று மூன்றரை டிகிரி காட்டும். உப்புப் பூக்கும் நீர் இருபத்தைந்து டிகிரியை ஒட்டிக் காட்டும். பழகிய தொழிலாளிக்கு மானி கூட வேண்டியதில்லை. நீரின் நிறத்தையும், அதன்மேல் படரும் ஏட்டையும் பார்த்தே சொல்லி விடுவார். அவர் காலேஜில் ரசாயனம் படித்தவர் அல்ல. இருந்தாலும் படிகமாதல் என்னும் பாடத்தை அவரை விட நன்றாக யார் அறிவார்?

அத்தகையவரின் மகள்தான் நாம் சொன்ன பெண். அவள் வீட்டுக்கு வருவாய் என்பது வெயிலைப் பொறுத்தது. வட கிழக்குப் பருவமழை பெய்யத் தொடங்கினால் பாத்திகள் மூழ்கிப் போகும், வேலை நின்று விடும். மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித் தொகை வழங்கும் திட்டத்தை 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கியது என்றால், அந்த மாதங்கள் அவர்களுக்கு எப்படிப்பட்டவை என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். கோடையோ உழைப்பின் உச்சம். வெள்ளை உப்பின்மேல் படும் வெயில் திரும்பிக் கண்ணைக் குத்தும். உவர்நீர் காலைப் புண்ணாக்கும். கல்வியாளர்கள் "கோடை விடுமுறை" என்று குறிப்பிடும் மாதங்கள் இவைதான்.

இளம் விஞ்ஞானிகளுக்கு ஓர் அழைப்பு

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், அதாவது இஸ்ரோ, 2019-ஆம் ஆண்டில் பள்ளி மாணாக்கர்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தது. யுவ விஞ்ஞானி காரியக்ரம் என்று அதற்குப் பெயர். சுருக்கமாக, யுவிகா. நாடெங்கும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவ மாணவிகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, மே மாத விடுமுறையில் ஏறக்குறைய இரண்டு வாரம் தன்னுடைய ஆராய்ச்சி நிலையங்களிலேயே தங்க வைத்து, விண்வெளி விஞ்ஞானத்தை அறிமுகம் செய்து வைப்பது அதன் நோக்கம்.

2019-இல் 111 மாணாக்கர் கலந்து கொண்டனர். கொரோனா நோயின் காரணமாக இடையில் இரண்டாண்டு நின்று போயிற்று. 2022-இல் 153 பேரும், 2023-இல் 337 பேரும் பங்கு பெற்றனர். 2023-இல் திருவனந்தபுரம், பெங்களூர், ஆமதாபாத், ஹைதராபாத், ஷில்லாங், டேராடூன், ஸ்ரீஹரிகோட்டா ஆகிய ஏழு இடங்களில் பயிற்சி நடந்தது. விஞ்ஞானிகளின் சொற்பொழிவுகள், ஆராய்ச்சிக் கூடங்களைச் சுற்றிப் பார்த்தல், மாதிரி ராக்கெட் செய்து விடுதல், தகர டப்பா அளவில் ஒரு குட்டிச் செயற்கைக் கோள் அமைத்தல், இரவில் தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்த்தல் என்று பொழுது போகிறது.

செலவு என்ன என்று கேட்பீர்கள். தங்குமிடம், உணவு, பாடப் பொருள்கள் எல்லாம் இஸ்ரோவைச் சேர்ந்தவை. மாணாக்கருக்கும், உடன் அழைத்து வரும் ஒரு காப்பாளருக்கும் ரயில் கட்டணத்தையும் நிறுவனமே தந்து விடுகிறது. எனவே, பணம் இல்லாமையால் ஒரு குழந்தை போக முடியவில்லை என்று சொல்வதற்கு இடமில்லை. தெரியாமையால் போக முடியவில்லை என்று சொல்வதற்கோ நிறைய இடமிருக்கிறது! பிப்ரவரி மார்ச்சு வாக்கில் அறிவிப்பு வெளியாகிறது. சில வாரங்களில் முடிந்து விடுகிறது. அந்தச் சில வாரங்களில் செய்தி உப்பங்கரைக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

வெளி நாடுகளில்

இம்மாதிரிக் கோடைக் கூடங்கள் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. 1957 அக்டோபரில் ருஷியா ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக் கோளை வானில் ஏவியதும் அமெரிக்கா திடுக்கிட்டு விழித்துக் கொண்டது. "நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் பின் தங்கி விட்டார்களோ?" என்ற கவலை பிறந்தது. 1959-இல் கலிபோர்னியாவில் ஓஹாய் என்னும் ஊரிலுள்ள ஒரு பள்ளியில் கோடை விஞ்ஞானத் திட்டம் ஒன்று தொடங்கியது. மாணாக்கர்கள் இரவெல்லாம் விழித்து ஒரு குறுங்கோளைப் படம் பிடித்து, அதன் பாதையைத் தாங்களே கணக்கிட வேண்டும். 1984 முதல் நடக்கும் மற்றொரு புகழ் பெற்ற திட்டத்தில், பள்ளி மாணாக்கர்கள் ஆறு வார காலம் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் தங்கி, ஒவ்வொருவரும் ஒரு விஞ்ஞானியின் மேற்பார்வையில் ஆராய்ச்சி செய்து, கட்டுரையும் எழுதுகிறார்கள்.

அங்கே விண்ணப்பத்துடன் "நான் யார், எதை ஆராய விரும்புகிறேன்" என்று கட்டுரை எழுத வேண்டும். ஆசிரியர்களின் சிபார்சுக் கடிதங்களும் வேண்டும். நம் யுவிகாவில் அவ்வளவு இல்லை. அது முழு ஆராய்ச்சியும் அல்ல. ஆராய்ச்சியின் வாசற்படி என்று சொன்னால் பொருந்தும். ஆனால் பதினான்கு வயதுக் குழந்தைக்கு வாசற்படி ஒன்றும் சிறிய விஷயமில்லை.

ஒரு கோடை விடுமுறை ஒருவருடைய வாழ்வில் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1928-ஆம் ஆண்டு. சென்னை ராஜதானிக் கல்லூரி மாணவர் ஒருவர், வயது பதினேழு, விடுமுறைக்குக் கல்கத்தா சென்றார். அங்கே அவருடைய சிற்றப்பா ஸர் ஸி. வி. ராமன் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தம் பெயர் கொண்ட விளைவைக் கண்டு பிடித்திருந்தார். உடனிருந்தவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். ஆராய்ச்சி என்பது நடந்து கொண்டிருக்கும்போதே அதை நேரில் பார்க்கும் பாக்கியம் அந்த இளைஞருக்குக் கிடைத்தது. மறு ஆண்டே அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் ராயல் சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று. அவர்தான் சுப்ரமண்யன் சந்திரசேகர். 1983-இல் நோபல் பரிசு பெற்றவர்.

சந்திரசேகருக்குச் சிற்றப்பா இருந்தார். உப்பளத்துப் பெண்ணுக்கு அப்படி ஒரு சிற்றப்பா இல்லை. இம்மாதிரித் திட்டங்களின் நியாயமே இதுதான்: சிற்றப்பா இல்லாத குழந்தைகளுக்கு நாடு சிற்றப்பாவாக இருக்க வேண்டும்.

மதிப்பெண் கணக்கு

இனி, விண்ணப்பம் செய்யும் முறைக்கு வருவோம். சமீப ஆண்டுகளின் அறிவிப்பின்படி நூறு மதிப்பெண்களை இஸ்ரோ இவ்வாறு பங்கிட்டிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு 50. கணினி வழியாக நடத்தும் வினாடி வினாவுக்கு 10. விஞ்ஞானக் கண்காட்சியில் பங்கு பெற்றதற்கு, பள்ளி, மாவட்டம், மாநிலம் என்ற படியைப் பொறுத்து, 10 வரை. ஒலிம்பியாட் போன்ற போட்டிகளுக்கு 5 வரை. விளையாட்டுக்கு 5 வரை. சாரணர், தேசிய மாணவர் படை முதலியவற்றுக்கு 5. கிராம ஊராட்சிப் பகுதியிலுள்ள பள்ளியில் படிப்பதற்கு 15.

கடைசிக் கணக்கை மறுபடி பாருங்கள். நகரத்துப் பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய மாணவனுக்கு முதல் கணக்கில் கிடைப்பது 47½. கிராமத்துப் பள்ளியில் நூற்றுக்கு எண்பது வாங்கிய மாணவிக்குக் கிடைப்பது 40. அதனுடன் 15 சேர்ந்தால் 55 ஆகி விடுகிறது. மற்றவை சமமாக இருந்தால் அவளே முந்துவாள். இது சலுகை என்று சிலர் முகம் சுளிக்கலாம். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த காலம் போய் விட்டாலும், பரிசோதனைச் சாலையும் தனிப் பயிற்சியும் இல்லாமல் வாங்கிய எண்பதுக்கு, அவை எல்லாம் இருந்து வாங்கிய தொண்ணூற்றைந்தின் எடை உண்டு என்பதே நம் அபிப்பிராயம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. மரக்காணம் ஊர் பேரூராட்சி. அதைச் சுற்றியுள்ள பல சிற்றூர்கள் ஊராட்சிகள். இரண்டு மைல் இடைவெளியில் ஒரு பள்ளிக்குப் பதினைந்து மதிப்பெண் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்று ஆகலாம். இரு பள்ளிகளிலும் படிப்பவர்கள் ஒரே உப்பளத்தில் வேலை செய்பவர்களின் குழந்தைகளாக இருக்கலாம். ஆகவே, தம் பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அவ்வாண்டின் அறிவிப்புடன் ஒத்துப் பார்த்துத் தலைமையாசிரியரிடம் கேட்டு நிச்சயம் செய்து கொள்வது அவசியம்.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. விண்ணப்பம் ஒன்பதாம் வகுப்பில்தான் என்றாலும், அதற்கு வேண்டிய சரக்கு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்களிலேயே சேர்க்க வேண்டியது. பள்ளிக் கண்காட்சியில் கலந்து கொண்ட சான்றிதழை அலமாரியின்மேல் போட்டுக் கரையானுக்குக் கொடுத்து விட்டுப் பிறகு தேடினால் கிடைக்குமா? ஒரு தகரப் பெட்டி போதும். குழந்தையின் எல்லாச் சான்றிதழ்களையும் அதில் வைத்து வாருங்கள்.

"எழுதித்தான் போடட்டுமே!"

இப்போது நம் பெண்ணின் வீட்டுக்குப் போவோம். மாலை வேளை. பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியை அறிவிப்பைக் கொண்டு வந்து படித்துக் காட்டுகிறார். அப்பா வாசலில் உட்கார்ந்து, வெடித்த பாதங்களுக்கு எண்ணெய் தடவிக் கொண்டே கேட்கிறார்.

"அவ்ளோ தூரம் பொம்பளப் புள்ளையத் தனியா அனுப்பறதுங்களா, டீச்சர்?"

"தனியா இல்லைங்க. நீங்களோ அம்மாவோ கூடப் போய் விட்டு வரலாம். ரயில் செலவு அவங்களே குடுத்துடுவாங்க."

அப்பா பேசாதிருக்கிறார். மே மாதம் உப்பு வாரும் மாதம் என்பதை அவர் வாய் விட்டுச் சொல்லவில்லை. தாம் துணைக்குப் போனால் சில நாள் கூலி போகும் என்பதையும் சொல்லவில்லை. பெண்ணுக்கு மட்டும் அது தெரியும். ஆகையால் அவளும் தலை குனிந்து நிற்கிறாள்.

கடைசியில் அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது: "கெடைச்சாத்தானே போறது? எழுதித்தான் போடட்டுமே!"

நம் நாட்டில் எத்தனையோ பெரிய காரியங்கள் இப்படி அடுப்பங்கரைக் குரலில்தான் ஆரம்பமாகியிருக்கின்றன. விண்ணப்பம் செய்வதற்கும் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தில் சொல்லி விட்டாள். போவதைப் பற்றிய பயத்தினால் விண்ணப்பமே செய்யாமல் விடுவதுதான் பெரும் பிழை.

"நாம் எங்கே, அவர்கள் எங்கே?" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு சமாசாரம் சொல்கிறோம். 2023 ஆகஸ்டு 23-ஆந் தேதி சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த பி. வீரமுத்துவேல், மரக்காணம் அடங்கிய இதே விழுப்புரம் மாவட்டத்துக்காரர். ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவரின் மகன். விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமாப் பெற்று, படிப்படியாக மேலே சென்றவர். சந்திரயான்-1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்கருகில் கோதவாடிக் கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்தவர். சூரியனை ஆராய 2023 செப்டம்பரில் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி என்னும் பெண்மணி. பெண்பிள்ளைக்கு எதற்கு என்பவர்கள் இந்தப் பெயரைக் குறித்துக் கொள்க.

கிடைக்காவிட்டால்?

உண்மையை மறைத்துப் பயனில்லை. 2023-இல் இடம் கிடைத்தது 337 பேருக்கு. பதிவு செய்தவர்களோ லட்சத்துக்கு மேல். அதாவது, முந்நூறு நானூறு பேரில் ஒருவருக்குத்தான் அழைப்பு வரும். விண்ணப்பம் செய்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அழைப்பு வராது. நம் பெண்ணுக்கும் வராமல் போகலாம். மேலும், ஒன்பதாம் வகுப்பு ஒரு முறைதான் வரும். அடுத்த ஆண்டு பார்த்துக் கொள்ளலாம் என்பதற்கில்லை.

அழைப்பு வராத அந்தக் குழந்தையிடம் நாம் என்ன சொல்லப் போகிறோம்? இதுதான் இந்த விஷயத்தில் பெற்றோரும் ஆசிரியரும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டிய கேள்வி. "உனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று சொன்னால் அவள் விஞ்ஞானத்தை விட்டு விடுவாள். "உன் மூளைக்கு அவ்வளவுதான்" என்று சொன்னால் தன்னையே விட்டு விடுவாள். இரண்டும் பொய். பட்டியலில் இடம் குறைவு. அது ஒன்றே மெய்.

அவளுக்குச் சொல்ல வேண்டியது: "வா, நம் உப்பளத்திலேயே ஆராய்ச்சி செய்வோம்" என்பது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 1993 முதல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று ஒன்று நம் நாட்டில் நடந்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதை முன்னின்று நடத்தி வந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பத்து முதல் பதினேழு வயது வரை உள்ள குழந்தைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் ஊரின் பிரச்னை ஒன்றையே எடுத்து ஆராய்ந்து, கண்டதைத் தம் மொழியில் எழுதிச் சமர்ப்பிப்பது அதன் முறை. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில், பள்ளியின் மூலம் அனுப்பிய புதிய யோசனை தேர்வு பெற்றால், அதைச் செய்து பார்க்க 10,000 ரூபாய் தருகிறார்கள். எட்டாம் வகுப்பு வரையிலுள்ள அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்காகத் தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கியது. வழிகள் பல இருக்கின்றன.

ஐந்து தட்டுகள்

மரக்காணத்துக் குழந்தை எதை ஆராயலாம்? இதோ, காசு செலவில்லாத ஓர் ஆராய்ச்சி. ஒரே அளவுள்ள ஐந்து தட்டுகள் எடுத்துக் கொள்ள வேண்டியது. முதல் தட்டில் குடிநீர், இரண்டாவதில் கழிமுகத்து நீர், மூன்றாவதிலும் நான்காவதிலும் வெவ்வேறு பாத்திகளின் நீர், ஐந்தாவதில் உப்பு எடுத்த பின் மிஞ்சிய கசப்பு நீர். எல்லாவற்றிலும் ஒரே அளவு நீர் ஊற்றி, ஒரே வெயிலில் வைத்து, நாள் தோறும் காலையிலும் மாலையிலும் எடை பார்த்துக் குறித்து வர வேண்டியது.

ஒரே வெயில்தானே, எல்லாம் ஒரே வேகத்தில் வற்றும் என்று தோன்றும். அப்படி இல்லை! உப்பு ஏற ஏற ஆவியாகும் வேகம் குறைகிறது. கரைந்துள்ள உப்பு நீரின் மூலக்கூறுகளை எளிதில் வெளியே விடுவதில்லை. எவ்வளவு குறைகிறது, காற்றடிக்கும் நாளில் எப்படி, மேகம் மூடிய நாளில் எப்படி, சிவந்த நீர் தெளிந்த நீரை விட அதிகம் சூடேறுகிறதா — இவை எல்லாம் அவளுடைய நோட்டுப் புத்தகம் சொல்ல வேண்டிய விடைகள். உப்பு நீர் ஏன் சில சமயம் இளஞ்சிவப்பாகிறது என்பதே ஒரு தனி ஆராய்ச்சி. மற்ற உயிர்கள் பிழைக்க முடியாத அந்த உவர்ப்பிலும் செழிக்கும் நுண்ணிய பாசிகளும் பாக்டீரியாக்களும் அந்த நிறத்தைத் தருகின்றன. கழுவேலிப் பக்கம் குடியிருக்கும் குழந்தை, ஒவ்வொரு ஞாயிறும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்று பறவைகளை எண்ணி எழுதி வரலாம். மூன்று ஆண்டு இப்படி எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பெரிய விஞ்ஞானிகளும் மரியாதையுடன் கையில் வாங்கிப் பார்ப்பார்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தட்டுகளை எந்தப் பாத்தியின் நீரால் நிரப்ப வேண்டும் என்பதை அவள் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். தம் தொழிலைப் பற்றி முதல் தடவையாக மகள் கேள்வி கேட்கும்போது, அந்த மனிதருக்குத் தம் கையிலிருப்பது வெறும் கூலி வேலை அல்ல, ஒரு வித்தை என்பது தெரிய வரும். பிறகு வெளியூர் அனுப்பும் விஷயத்தில் அவருடைய தயக்கம் பாதியாகக் குறைந்து விடும் என்பது நம் நம்பிக்கை.

சில யோசனைகள்

விண்ணப்பம் செய்யும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். அறிவிப்பை இஸ்ரோவின் இணையத் தளத்திலேயே பார்க்க வேண்டும், பிறர் வாய்ச் சொல்லை நம்பலாகாது. ஆண்டுக்கு ஆண்டு விதிகள் மாறக் கூடும். படிவத்தைக் குழந்தையே நிரப்பட்டும், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரி பார்க்கட்டும். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்குத்தான் கடலோரத்தில் மின்சாரமும் இணையமும் விளையாட்டுக் காட்டும். இல்லாத சான்றிதழை இருப்பதாக எழுதக் கூடாது. விஞ்ஞானத்தின் முதல் பாடம் உள்ளதை உள்ளபடி சொல்வது. "இவ்வளவு கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது வந்தால், வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பி விடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் முதல் மாணவனை மட்டும் கூப்பிட்டுச் சொல்லி விட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். அறிவிப்பை வகுப்பு முழுவதற்கும் உரக்கப் படியுங்கள். கடைசிப் பெஞ்சியில் யார் காதில் அது விழ வேண்டுமோ, யார் கண்டது?

1930-இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்கள் நடந்து போய், ஒரு பிடி உப்பு அள்ளினார்கள். நம் கடலின் உப்பு நமக்கே உரியது என்று சொல்ல அன்று சிறை செல்ல வேண்டியிருந்தது. இன்று உப்பு நமது. அந்த உப்பை விளைவிக்கும் வீட்டுக் குழந்தையின் அறிவும் நாட்டுக்குப் பயன்பட வேண்டாமா?

கால்வாயை நினைவில் வைத்துக் கொள்ளச் சொன்னோம் அல்லவா? மரக்காணத்தில் முடியும் பக்கிங்ஹாம் கால்வாயின் கரையோடு வடக்கே போனால், சென்னையைத் தாண்டி, பழவேற்காடு ஏரி வருகிறது. அந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. சந்திரனுக்கும் சூரியனை நோக்கியும் நம் ராக்கெட்டுக்கள் கிளம்பிய இடம் அது. உப்புப் படகு போன அதே நீர்வழிதான். அதே உவர்க் காற்று, அதே வெயில். இனி நம் தமிழ்நாட்டுக் கரையிலேயே, குலசேகரப்பட்டினத்தில், இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அதுவும் உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடி மாவட்டமே.

மே மாதத்து நடுப்பகலில், கஞ்சித் தூக்கை எடுத்துக் கொண்டு, அப்பாவைத் தேடி உப்பள வரப்பில் நடக்கும் அந்தப் பெண்ணை நினைத்துக் கொள்கிறோம். அழைப்பு வந்ததோ, வரவில்லையோ? நமக்குத் தெரியாது. அவள் இடுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் செருகியிருக்கிறது. வரப்பின் ஓரத்தில் ஐந்து தட்டுகள் வெயிலில் காய்கின்றன. அவள் குனிந்து, மூன்றாவது தட்டைப் பார்த்து, ஏதோ எழுதிக் கொள்கிறாள்.

அவள் விண்ணப்பம் செய்து விட்டாள். வரும் பிப்ரவரியில் உங்கள் வீட்டுக் குழந்தைக்கும், உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் குழந்தைக்கும் இந்தச் செய்தியை மறவாமல் சொல்லுங்கள்.